அமைதிக் கடலில் நீலம் கூடிவிட்டது

ஜனவரி 13, திங்கள்

பௌர்ணமி. வானம் சுத்தம், காற்று மட்டும் கொஞ்சம் அலைச்சல். கீழே ருக்குமணி வேப்பிலையும் பூளைப்பூவும் சேர்த்து நிலைப்படியில் காப்புக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் மொட்டைமாடியில் ஆறு அங்குலத் தொலைநோக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். "நாளைக்குப் பொங்கலன்னிக்காவது பூமிக்கு எறங்கி வருவீங்களா?" என்று படியில் நின்று கேட்டாள். எட்டு மணிக்கெல்லாம் இறங்கிவிட்டேன்.

நிலா வெள்ளை என்று சொல்கிறவர்களோடு எனக்குப் பேச்சே கிடையாது. அதற்கு நிறம் உண்டு. கண்ணுக்கு எட்டாத அளவுக்கு மெல்லிசு, அவ்வளவுதான். இரண்டாயிரம் படம் எடுத்து, அதில் தெளிவான இருநூறைக் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நிறத்தை மட்டும் துளித்துளியாக ஏற்றினால் வெளியே வரும். டைட்டானியம் மிகுந்த பாறை நீலமாக வரும். அது குறைந்து இரும்பு ஓங்கிய இடம் செம்பழுப்பாக வரும். அமைதிக் கடல் என்று பெயர் வைத்திருக்கும் சமவெளி நீலம், அதை ஒட்டிய தெளிவுக் கடல் பழுப்பு. இருபத்தாறு வருடமாகத் திருப்பூர்ச் சாயப்பட்டறையில் துணியின் நிறம் பார்த்துச் சொல்லும் ஷேடு மாஸ்டராக இருப்பவனுக்கு இதைவிடப் பொருத்தமான பைத்தியம் எங்கே கிடைக்கும்?

இந்த நோட்டில் வானத்தையும் கேமராவையும் பற்றி மட்டும்தான் எழுதி வந்தேன். இன்று மனசு சரியில்லை, பட்டறை விஷயத்தையும் எழுதுகிறேன். கைக்குழந்தைச் சட்டைக்கு நாங்கள் அனுப்பிய ஐஸ் நீலத் துணி லாட்டை, ஒரு தொகுதி முழுவதையும், வாங்குகிற வெளிநாட்டு பையர் திருப்பிவிட்டான். ஷேடு மாறியிருக்கிறதாம். நான் மாதிரித் துணியோடு லைட் பெட்டியில் வைத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட லாட் அது. எங்கள் பட்டறையில் நிறம் அளக்கும் மிஷின் ஒன்று இருக்கிறது, ஜெசிந்தா என்று ஒரு பெண் அதைப் பார்த்துக்கொள்கிறாள். ஆனால் கடைசிப் பேச்சு மாஸ்டர் கண்தான். அது ஆரம்பத்திலிருந்து உள்ள வழக்கம்.

என் கண் தப்புப் பண்ணாது.

ஜனவரி 15, புதன்

பொங்கலுக்கு ருக்குமணிக்கு நானே போய்ப் பச்சைச் சேலை எடுத்து வந்திருந்தேன். இன்றுதான் கட்டினாள். "நீலச் சேலை எடுக்கறேன்னு சொல்லவே இல்லியே" என்கிறாள். பச்சையடி என்றால் சிரிக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரியும் நீலம் என்றாள். பொம்பளைகள் சேர்ந்துவிட்டால் பேசி ஜெயிக்க முடியுமா? கடையில் அந்த மஞ்சள் லைட்டைப் போட்டு ஏமாற்றிவிட்டான்.

ஜனவரி 20, திங்கள்

இரண்டாவது லாட்டும் திரும்பிவிட்டது. இது இளமஞ்சள். முதலாளி கதிரவன் என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். நாற்பது வயதுதான், ஆனாலும் நான் உட்காருகிற வரைக்கும் நின்றுகொண்டிருப்பார். இன்று நிற்கவில்லை.

"மாஸ்டர், மூணாவது லாட்டும் போச்சுன்னா பையரே போயிருவானுங்க. தப்பு யாரோடதுன்னு எழுதிக் கேட்டிருக்கான். இந்த மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லியாகோணும்."

"மிஷின் பதிவு என்ன சொல்லுது?" என்றேன்.

"ரெண்டு லாட்டும் பாஸ்னுதான் இருக்குது. ஆனா மூணு தடவ அளந்திருக்குது. மொத ரெண்டு தடவ ஃபெயிலு."

"அப்ப அதை அளந்தவங்களத்தான் கேக்கோணும்" என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. பொய்யும் சொல்லவில்லை.

நடந்தது இவ்வளவுதான். இரண்டு லாட்டையும் மிஷின் ஃபெயில் என்றது. என் கண்ணுக்கு மாதிரித் துணியும் லாட் துணியும் ஒன்றாக இருந்தன. "துணிய மடிச்சுத் திருப்பி வச்சு அள, ஜெசிந்தா" என்றேன். இது எல்லா மாஸ்டரும் சொல்வதுதான். மூன்றாம் தரம் எண் எப்படியோ எல்லைக்குள் வந்தது, "அதையே போடு" என்றேன். பட்டனை அழுத்தியது அவள் கை.

ஜனவரி 24, வெள்ளி

சிநேகிதன் ஹக்கீம் உடுமலையிலிருந்து போன். தபால் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவனுக்கும் நிலாதான் வேலை. பிப்ரவரிக் கடைசியில் அறிவியல் நாள் கண்காட்சி வைக்கிறார்கள், என் படத்தை ஆளுயரத்துக்கு அச்சடித்து வாசலில் நிறுத்தப்போகிறார்களாம். போகியன்று எடுத்த படத்தை அனுப்பியிருந்தேன்.

"படம் அருமை நாச்சிமுத்து. ஆனா நீலம் ரொம்பக் கூடிப்போச்சுப்பா."

"எங்க கூடிப்போச்சு?"

"அமைதிக் கடல் முழுக்க. டைட்டானியம் இருக்கறது வாஸ்தவம். அதுக்காக மை பாட்டில கவுத்தா எப்படி?"

"உனக்கு ஸ்டாம்பு ஒட்டத்தான் தெரியும். நிறத்தைப் பத்தி எனக்குப் பாடம் எடுக்காத" என்று வைத்துவிட்டேன். கொஞ்சம் அதிகப்படியாகத்தான் பேசிவிட்டேன். ஆனால் இருபத்தாறு வருடம் நிறத்தோடு குப்பை கொட்டியவனிடம் இப்படியா பேசுவது?

ஜனவரி 29, புதன்

எதிரே வருகிற வண்டியெல்லாம் ஹை பீமில்தான் வருகிறது. இந்த ஊரில் ஒருத்தனுக்கும் டிம் அடிக்கத் தெரியாது.

பிப்ரவரி 3, திங்கள்

ஜெசிந்தாவை நிறுத்திவிட்டார்கள்.

மதியச் சாப்பாட்டுப் பையோடு லைட் பெட்டி அறைக்கு வந்தாள். திண்டுக்கல் பக்கத்துப் பெண், எங்களோடு ஒன்பது வருடம். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"கள்ளப் பதிவு போட்டேன்னு எழுதியிருக்காங்க மாஸ்டர். பையருக்கும் என் பேரைப் போட்டு அனுப்பிட்டாங்களாம். இனி எந்தப் பட்டறையில என்னை உள்ள விடுவாங்க?"

"நான் பேசிப் பாக்கறேன்" என்றேன்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அன்னைக்கு யாரு சொல்லி அளந்தேன்னு மட்டும்."

"பாக்கறேன்னு சொல்றேன்ல?"

என் குரல் தூக்கலாகப் போய்விட்டது. அவள் மேசை மேல் கிடந்த, நிற மாதிரி ஒட்டிய ஷேடு கார்டுகளை எடுத்து வரிசை மாற்றி அடுக்கி வைத்துவிட்டுப் போனாள். போகிற நேரத்தில் அது என்ன வேலை என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

முதலாளியிடம் பேசவில்லை. அவர் போனில் இருந்தார். சாயங்காலம் கிளம்பிவிட்டார்.

பிப்ரவரி 4, செவ்வாய்

விசேஷம் ஒன்றுமில்லை. பழக்க தோஷத்தில் இரண்டு தரம் "ஜெசிந்தா" என்று கூப்பிட்டுவிட்டேன்.

பிப்ரவரி 8, சனி

கண்காட்சிப் படத்தைச் சின்ன அளவில் மாதிரிக்கு அச்சடித்து வந்தேன். கூடத்தில் சுவரோடு சாய்த்து வைத்தேன். ருக்குமணி காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் அரிவாள்மணையை விட்டு எழுந்து வந்து பார்த்தாள்.

"ஏனுங்க, நிலாவுக்குச் சொட்டு நீலம் போட்டுட்டீங்களா?"

"அம்மிணி, உனக்குத் தெரியாது. அது டைட்டானியம்."

"டைட்டானியமோ என்ன கருமமோ. பழைய படம் இப்படி இல்லீங்களே. அதப் பாத்தா நெஜமாவே நிலாவாட்ட இருந்துச்சு." ஜெசிந்தாவை நிறுத்தியதை மட்டும் அவளிடம் சொல்லியிருந்தேன். நின்றவள் கேட்டாள்: "ஜெசிந்தா விஷயம் என்னாச்சுங்க? பேசுனீங்களா?"

"பேசிட்டுத்தான் இருக்கேன்" என்றேன். கட்டின பெண்டாட்டியிடம் பச்சைப் பொய்.

பிப்ரவரி 12, புதன்

மறுபடி பௌர்ணமி. நேற்றுத் தைப்பூசம், பழனிக்குப் போன கூட்டம் திரும்பிக்கொண்டிருக்கிறது, ரோடெல்லாம் காவடி. ஒன்பதரை மணிக்கு நிலா நல்ல உயரத்தில். ஹக்கீம் வாயையும் ருக்குமணி வாயையும் ஒரே படத்தில் அடைத்துவிடலாம் என்று மூன்று தொகுதி எடுத்தேன். கேமரா அளவெல்லாம் 2022 சித்திரா பௌர்ணமிக்கு வைத்தது போலவே வைத்தேன். அந்தப் படத்தைத்தான் ருக்குமணி பழைய படம் என்கிறாள். அதற்குத்தான் கோவையில் பரிசு கொடுத்தார்கள்.

பிப்ரவரி 13, வியாழன்

பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டேன். காலையிலிருந்து கம்ப்யூட்டர் முன்னால்தான்.

அடுக்கினேன், நிறம் ஏற்றினேன். அமைதிக் கடல் எனக்குத் திருப்தியாக வருகிற வரைக்கும் ஏற்றினேன். பிறகு பக்கத்தில் 2022 படத்தைத் திறந்தேன். சப்பென்று இருந்தது. கழுவிக் கழுவி வெளுத்த துணி போல. இதையா மேடையில் ஏற்றினார்கள்? அன்றைக்கு இந்த நீலத்தைப் பார்த்து நானே வாயடைத்துப் போய் உட்கார்ந்திருந்தது நன்றாக நினைவிருக்கிறது. படம் சாயம் போய்விட்டது என்றுதான் முதலில் தோன்றியது.

அப்புறம்தான் சுருக்கென்றது. இது துணியா சாயம் போவதற்கு? கம்ப்யூட்டரில் கிடக்கிற படம். அது எண்.

படத்தில் எந்த இடத்தைத் தொட்டாலும் சிவப்பு எத்தனை, பச்சை எத்தனை, நீலம் எத்தனை என்று காட்டும். நான் அதைப் பார்ப்பதே இல்லை, எண் பார்த்து நிறம் பார்ப்பவன் மாஸ்டரா? ஆனால் 2022இல் புதிதாகப் பழகிய ஆர்வத்தில் நோட்டில் எழுதி வைத்திருந்தேன்: அமைதிக் கடல் நடுவில் சிவப்பு 96, பச்சை 101, நீலம் 120. இன்று அதே படத்தில் அதே இடத்தைத் தொட்டேன். 96, 101, 120.

ஒன்றுகூட மாறவில்லை.

புதுப் படத்தில் அதே இடம்: 94, 100, 163.

ருக்குமணி சாப்பிடக் கூப்பிட்டாள், போகவில்லை. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்தேன். போன வருடம்தான் வெள்ளை அடித்த சுவர். டீத்தண்ணீர் தெளித்தது போல இருந்தது. வலது கண்ணைப் பொத்தினேன், அவ்வளவு இல்லை. மாற்றி மாற்றிப் பத்துத் தரம் பார்த்தேன்.

மானிட்டர் பழசு. மாற்ற வேண்டும்.

பிப்ரவரி 14, வெள்ளி

2022 படத்தைக் கடையில் புது மானிட்டரில் போட்டுப் பார்த்தேன். அதே எண், அதே வெளுப்பு. "சார், எல்லாம் சரியாத்தான தெரியுது?" என்றார் கடைக்காரர். சுவரைப் பற்றி அவரிடம் என்ன சொல்வது?

பிப்ரவரி 17, திங்கள்

யாரிடமும் சொல்லாமல் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மருந்து ஊற்றி இரண்டு மணி நேரம் உட்காரவைத்தார்கள்.

"ரெண்டு கண்ணுலயும் புரை இருக்கு. வலது நல்லா முத்தியிருக்கு. ஒரு வருஷமாவது ஆகியிருக்குமே, ஒண்ணும் தெரியலையா?" என்றார் டாக்டரம்மா.

"எல்லாம் நல்லாத்தான் தெரிஞ்சுதுங்க."

"மெதுவா வர்றதால பழகிப்போயிரும். கண்ணுக்குள்ள இருக்கற லென்ஸ் மஞ்சளாயிரும். நீலம் மங்கும், வெளிர் நிறத்துல வித்தியாசம் தெரியாது. ஆபரேஷன் பண்ணினா சரியாயிரும், பயப்படாதீங்க. நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"ரிட்டயர் ஆயிட்டேனுங்க" என்றேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

கையெழுத்துக்கு மூன்று லாட் வந்தது. மிஷின் மேல் உறை போட்டு மூடிக் கிடக்கிறது. புது ஆள் வருகிற வரைக்கும் "உங்க கண்ணாலயே பாத்து அனுப்புங்க மாஸ்டர், அத விடவா மிஷினு" என்கிறார் முதலாளி.

இரண்டில் போட்டேன். கருநீலமும் மெரூனும், அடர்த்தியான நிறம் தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாவது ஐஸ் நீலம். லைட் பெட்டியில் வைத்தேன், எடுத்தேன், வைத்தேன். இரண்டு துணியும் ஒன்றுதான் என்றது கண். நிஜமாகவே ஒன்றுதானா என்று யாரைக் கேட்பது? கேட்க இருந்தவளைத்தான் அனுப்பிவிட்டோமே. லாட்டை நிறுத்திவிட்டு வயிற்று வலி என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். படுபாவி நான். எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 20, வியாழன்

காலையில் முதலாளி அறைக்குள் போய் நானே கதவைச் சாத்தினேன். கையில் ஒரு கட்டு ஷேடு கார்டு. எல்லாம் வெளிர் நிறம். பின்பக்கம் பெயர் எழுதியிருக்கும்.

"இதக் கலச்சு ஒண்ணொண்ணா காட்டுங்க. நான் பேர் சொல்றேன்" என்றேன்.

"என்னங்க மாஸ்டர், காலங்காத்தால வெளையாட்டு?"

"காட்டுங்க, சொல்றேன்."

பத்துக் கார்டு காட்டினார். வெள்ளையை இளமஞ்சள் என்றேன். இளம்பச்சையை ஐஸ் நீலம் என்றேன். ஐந்தாவது கார்டிலேயே அவர் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. பத்துக்கு நாலுதான் சரி.

"கண்ணுல புரை. ஒரு வருஷமா இருக்குதாம். அந்த ரெண்டு லாட்டும் ஜெசிந்தா தப்பில்ல. மிஷின் சரியாத்தான் ஃபெயில்னு சொல்லுச்சு."

அவர் எழுந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். நல்ல மனுஷன்தான். அதுதான் பிரச்சனை.

"மாஸ்டர், இது நமக்குள்ள இருக்கட்டுங்க. ஆபரேஷன் பண்ணீட்டு ரெண்டு மாசம் ஓய்வெடுங்க. அதுவரைக்கும் நான் சமாளிச்சுக்கறேன். உங்க நாற்காலி இங்கதான் இருக்கும்."

"ஜெசிந்தா?"

"பையருக்கு அவ பேரச் சொல்லி விவகாரம் முடிஞ்சுபோச்சுங்க. மறுபடி அதக் கிண்டுனா என்னாகும்? எங்க மாஸ்டருக்குக் கண்ணு தெரியலைன்னு எழுதறதா? அதுவுமில்லாம, கள்ளப் பதிவு அவ அழுத்துனது அழுத்துனதுதானுங்களே."

தலையை ஆட்டிவிட்டு எழுந்திருக்கலாம். சத்தியமாகச் சொல்கிறேன், கால் எழுந்திருக்கத்தான் பார்த்தது. இரண்டு மாதம், புதுக் கண், அதே நாற்காலி, அதே மரியாதை. ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை.

"அழுத்தச் சொன்னது நான்" என்றேன். "துணியத் திருப்பி வச்சு மூணு தரம் அளக்கச் சொன்னது நான். அதையே போடுன்னு சொன்னதும் நான்தான்."

"அன்னிக்கு ஏன் சொல்லலீங்க?"

"பயம்."

அவர் கார்டுகளை அடுக்கி ஓரமாக வைத்தார். பிறகு, "இத நீங்க எழுதிக் குடுத்தா நான் பையருக்கு அனுப்பியாகோணும். அனுப்பிச்சா அப்புறம் நீங்க இங்க இருக்க முடியாதுங்க மாஸ்டர். வேற எங்கயும் முடியாது. யோசிச்சுக்கங்க" என்றார்.

ஒரு தாள் கேட்டேன். அவர் மேசையிலேயே உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டேன். வெளியே வரும்போது லைட் பெட்டி அறைப் பக்கம் திரும்பவில்லை. வீட்டுக்கு வந்து ருக்குமணியிடம் ஒன்று விடாமல் சொன்னேன். "இத்தன நாள் எங்கிட்டக்கூடச் சொல்லலியே" என்று அழுதாள். கண்ணுக்காக அழுதாளா, ஜெசிந்தாவுக்காக அழுதாளா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

ஹக்கீமுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். கண்காட்சிக்கு எண் பார்த்து நீலத்தைக் குறைத்த படத்தை அனுப்பினேன். என் கண்ணுக்கு அது சாம்பல் பூசியது போலத்தான் இருக்கிறது. "இப்பத்தான்பா இது நிலா" என்கிறான். நம்புகிறேன்.

பிப்ரவரி 22, சனி

ஜெசிந்தா வீட்டுக்குப் போனேன். லைன் வீடு, நாலாவது கதவு. உள்ளே பிள்ளை பரீட்சைக்குச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தது. நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"நேத்து முதலாளி போன் பண்ணினாரு மாஸ்டர். திங்கக்கெழமை வரச் சொன்னாரு. பையருக்கும் மாத்தி எழுதிட்டாங்களாம். உங்க லெட்டரையும் படிச்சுக் காட்டுனாரு."

"கண்ணு இப்படி ஆனது எனக்கே போன வாரம்தான் தெரியும், ஜெசிந்தா" என்று ஆரம்பித்தேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்து வைத்திருந்த பேச்சு.

"எனக்கு அக்டோபர்லயே தெரியும்" என்றாள்.

எப்படி என்று கேட்டேன்.

"வெள்ளைக் கார்டையும் லெமன் கார்டையும் மாத்தி மாத்தி அடுக்குவீங்க. நீங்க போனப்புறம் நான் சரி பண்ணி வைப்பேன். நீங்க கையெழுத்துப் போட்டு அனுப்புற லாட்டை மறுபடி மிஷின்ல அளந்து பாத்து, தப்பா இருந்தா சத்தமில்லாம மறுசாயத்துக்கு அனுப்பிருவேன். பதினோரு லாட்டு அப்படிப் போயிருக்கு. அந்த ரெண்டுலதான் முடியல. நீங்க பக்கத்துலயே நின்னுட்டீங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா உங்களுக்கு வேலை போயிருமே மாஸ்டர்."

கோபமே இல்லாமல்தான் சொன்னாள். உள்ளே பிள்ளை ஏதோ சந்தேகம் கேட்டது, எழுந்து போய்ச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தாள். நான் இன்னும் நாற்காலியில்தான் இருந்தேன்.

அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரைக்கும் என் வேலையை அவள் ஒருத்தி காப்பாற்றியிருக்கிறாள். அவள் வேலையைக் காவு கொடுக்க எனக்கு ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது, அதுவும் கதவைச் சாத்திய அறைக்குள்.

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். ஹக்கீமிடம் சுலபமாக வந்த வார்த்தை அவளிடம் வரவில்லை. திங்கட்கிழமை நேரத்துக்குப் போய்விடு என்று சொல்லிவிட்டு எழுந்தேன். "சரிங்க மாஸ்டர்" என்றாள், இன்னமும் நான்தான் மாஸ்டர் என்பது போல.